ஜாடியில் படிந்த சேறு

பனி விடாமல் கொட்டிய அந்த வாரம், ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் லோர்னா ஹாப்பலா தினமும் காலை ஏழு மணிக்கு, வெளியேறும் நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் அம்மோனியாவை அளந்தாள். திங்கள் லிட்டருக்கு நான்கு மில்லிகிராம். செவ்வாய் ஒன்பது. புதன் பதினாறு. சுத்திகரித்து ஏரிக்குள் விடும் நீரில் ஐந்தைத் தாண்டக்கூடாது. மாநில அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை நீர் மாதிரி போக வேண்டும். அதில் தோற்றால் நிலையத்தை மூடிவிட்டு, ஊர்ச் சாக்கடையைக் குழாய் வழியே பக்கத்து நகரத்துக்கு அனுப்பிவிடுவதென நகர்மன்றம் முடிவெடுத்திருந்தது.

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். தவறு கிடைத்தது, கையெழுத்து அவளுடையதுதான். டிசம்பரில், தொட்டி நீரை ஊற்றி அரைமணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை ஜாடியில் சேறு சரியாகப் படியவில்லை. தொட்டியில் சேறு கூடிவிட்டதென்று நினைத்து, பதினைந்து நாள், ஒரு நாளும் தவறாமல், வால்வைத் திறந்து வெளியேற்றினாள். அந்தச் சேற்றில்தான் அம்மோனியா தின்னும் பாக்டீரியாக்கள் இருந்தன. குளிரில் அவை மெதுவாகத்தான் பெருகும். பெருகுவதற்குள் வெளியே கொட்டியாகிவிட்டது.

"நீ கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா தப்பிச்சிருப்போம்," என்றான் கூட வேலை பார்க்கும் டேல்.

"உன் ஷிப்டா இருந்தா வால்வையே மறந்திருப்ப."

"அதத்தானே நானும் சொல்றேன்."

புதன் மதியம் டேல் அடுத்த ஊர் நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் நிறைய உயிருள்ள சேறு வாங்கிவந்து தொட்டியில் விட்டான். இப்படி இரவல் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

வியாழன் காலை பதினொன்று. எண் இறங்கத் தொடங்கியிருந்தது. அதைப் பற்றிப் பேசினால் ஏறிவிடும் என்று லோர்னாவுக்குப் பயம்.

பிற்பகலில் பனியின் மேல் மழை பெய்தது. உருகிய நீர் சாக்கடைக் குழாய்களில் புகுந்து, தொட்டியைக் குளிரவைத்து, இரவல் சேற்றில் பாதியை வாரிக்கொண்டு ஏரிக்குப் போனது.

வெள்ளிக்கிழமை பதினேழு.

"இன்னொரு தடவ அளந்து பாரேன்."

"மூணு தடவ அளந்துட்டேன், டேல்."

"மாதிரி பாட்டில்ல குழாய்த் தண்ணி கொஞ்சம் கலந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

டேல் கையுறையைக் கழற்றி மேசைமேல் போட்டான். லோர்னா பதினேழு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு, வழக்கம்போல, ஜாடியை நிரப்பி அரைமணி நேரம் காத்திருந்தாள். சேறு அடியில் அழகாகப் படிந்திருந்தது. மேலே நீர், குடிக்கலாம் போலத் தெளிவாக.