தடுக்கப்பட்டவை: இருபத்து மூன்று

1.

ஒரு படம் தேடப் போன இடத்தில் இந்தக் கதை கிடைத்தது. நான் ரூட்டர் கம்பெனி ஒன்றுக்குக் கையேடு எழுதுகிறவன். பெட்டியைப் பிரித்ததும் நீங்கள் தூக்கிப் போடுகிறீர்களே, அந்தச் சின்னப் புத்தகம், அது என் எழுத்து. அடுத்த பதிப்பின் ஏழாம் அத்தியாயத்துக்கு, ஃபயர்வால் எதையெதைத் தடுத்தது என்று காட்டும் பதிவுத் திரையின் படம் தேவைப்பட்டது. யாரோ ஒருவர் வீட்டு ரூட்டரைத் திறந்து பார்க்க முடியாதே. என் வீட்டு ரூட்டருக்குள் நுழைந்தேன். படத்தை எடுக்காமலே மூடினேன்.

இதில் வரும் அப்பா நான்தான். ஐந்தாம் பகுதியில் அதைக் கண்டுபிடித்துவிட்டு நீங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்லிவிட்டேன். ஆனாலும் அவரை ‘அவர்’ என்றுதான் எழுதப்போகிறேன். கொஞ்சம் தள்ளி நின்றால்தான் எனக்கு எழுத வருகிறது.

2.

முதல் தொடக்கம்: ‘பதினாறு வயது மகள் படிப்பை மறந்து எந்நேரமும் போனும் கையுமாக…’

(வேண்டாம். மகள்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தொடங்குகிறது. அந்த வேலையை அவரே செய்துவிட்டார்.)

இரண்டாம் தொடக்கம்: ‘தொழில்நுட்பம் இன்றைய குடும்பங்களை…’

(இது பள்ளிக்கூடக் கட்டுரை.)

மூன்றாவது: தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரூட்டரில் பெற்றோர் கட்டுப்பாட்டை அமைத்தார். இதையே வைத்துக்கொள்வோம்.

எல்லாம் அவர் எழுதிய கையேட்டின்படியே நடந்தது. நிர்வாகப் பக்கத்துக்குள் போனார். வீட்டுக் கருவிகளின் பட்டியலில் ‘மகள்’ என்றிருந்த போனைத் தேர்ந்தெடுத்தார். ‘வயது வந்தோருக்கானவை’ என்ற வகையைத் தடுத்தார். தடுக்கப்படும் ஒவ்வொன்றையும் தேதி, நேரத்தோடு பதிவு செய்யச் சொன்னார். வாரம் ஒருமுறை அதன் சுருக்கம் தனக்கு மெயிலில் வரும்படி செய்தார்.

தடுத்த பக்கத்துக்குப் பதிலாகத் திரையில் என்ன தெரியவேண்டும் என்று ரூட்டர் கேட்டது.* ஏற்கெனவே ஒரு வாசகம் இருந்தது. அவருக்கு அது மொட்டையாகப் பட்டது. எழுத்தாளர் அல்லவா! அதை அழித்துவிட்டு, ‘இதெல்லாம் உனக்கு இப்போது தேவையில்லை. போய்ப் படி. – அப்பா’ என்று தட்டினார். தட்டிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

* எல்லா ரூட்டரிலும் இந்த வசதி இருக்காது. எங்கள் கம்பெனியில் இதைப் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

3.

அவர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. அவர் வீட்டில் புதுப் போன் வந்தால் அது மகளுக்கு. மகளுடைய பழையது அம்மாவுக்கு. பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். ஆறு மாதம் முன்பு அவர் வீட்டிலும் அப்படிக் கை மாறியது. ஆனால் ரூட்டருக்குப் போனைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது. பட்டியலில் ‘மகள்’ என்று இருந்த போன், உண்மையில் அம்மாவின் கைப்பையில் இருந்தது. மகளின் புதுப் போன் ஏதோ எண்ணும் எழுத்துமான பெயரில், பட்டியலின் அடியில், கேட்பாரற்றுக் கிடந்தது. அவள் அதில் இஷ்டத்துக்கு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

(‘கருவியின் பெயரும் அதை வைத்திருப்பவரும் ஒன்றுதானா எனச் சரிபார்க்கவும்’ என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. பக்கத்தில் இடம் போதவில்லை என்று அவரே அதை நீக்கினார்.)

4.

முதல் இரண்டு வாரமும் சுருக்கத்தில் பூஜ்யம். மூன்றாம் வாரம் வந்த மெயில் இது: ‘கருவி: மகள். வகை: வயது வந்தோருக்கானவை. தடுக்கப்பட்டவை: 23.’ கீழே ‘முழு விவரம்’ என்று ஒரு பொத்தான். அவர் அதை அழுத்தவில்லை. பெண்ணைப் பெற்றவன் எதையென்று பார்ப்பான்? (இது சப்பைக்கட்டு. அடித்துவிடலாம் என்று நினைத்தேன். கிடக்கட்டும்.)

“வாலு, இங்க வா. போன்ல என்ன பாக்குற?”

“பூனை வீடியோ. ஏம்ப்பா?”

“பூனையா? ஒரே வாரத்துல இருபத்து மூணு தடவ. எந்த மாதிரி பக்கம்னு என் வாயால சொல்லணுமா?”

“என்னப்பா உளர்றீங்க? எனக்கு எதுவும் பிளாக் ஆகவே இல்ல.”

“பொய் சொல்லாத. ‘போய்ப் படி, அப்பா’ன்னு திரையில வந்துச்சா இல்லையா?”

ஜன்னலோரம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாவை மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“ஆமாப்பா. நான்தான். இனிமே பாக்க மாட்டேன்.”

புதுப் போன் பறிமுதலாகி அலமாரிக்குள் போனது. அவரிடம் மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மனைவி அளவுக்கு மீறி அன்பாகப் பேசினாள். அவர் இரண்டையும் தன் கண்டிப்பின் பலன் என்று எடுத்துக்கொண்டார்.

(இந்த மகள் பாத்திரத்தை நானே நம்பவில்லை. செய்யாததை ஒப்புக்கொள்கிற பதினாறு வயதுப் பெண் எங்கே இருக்கிறாள்? அதனால் மாற்றி எழுதிப் பார்த்தேன். மகள் கத்துகிறாள், கதவை அறைந்து சாத்துகிறாள். காட்சி ஜோராக வந்தது. ஆனால் அவள் அப்படிச் செய்யவில்லையே.)

5.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்துத்தான் கையேட்டுக்கு அந்தப் படம் தேவைப்பட்டது. அலுவலகத்தில் உட்கார்ந்து, இணையம் வழியே, அவர் வீட்டு ரூட்டரின் முழுப் பதிவையும் திறந்தார். ஒரு வரிக்கு ஒரு தேதி, ஒரு நேரம், கருவியின் பெயர், போக முயன்ற தளத்தின் முகவரி. செவ்வாய், காலை 11.40. புதன், காலை 11.15. வியாழன், 11.20.

அந்த நேரத்தில் மகள் பள்ளியில் இருப்பாள். வீட்டில் இருப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில் மதிய ஷிப்ட் பார்க்கும் மனைவி மட்டும். மகளுடைய பழைய போன் இப்போது அவள் கையில் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

முகவரிகளில் ஒன்றை அலுவலகக் கணினியில் திறந்தார். கோடுகளால் வரைந்த ஒரு படம். நிலைக்கண்ணாடி முன் ஒரு பெண், ஒரு கை தலைக்கு மேலே, மறு கையின் விரல்கள் மார்பில். ‘வலியில்லாத கட்டி: எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?’

மார்பு என்று கண்டாலே கதவைச் சாத்திவிடும் வடிகட்டி அது. இருபத்து மூன்று முறை அவள் கேட்டிருக்கிறாள். இருபத்து மூன்று முறையும் நான் பதில் சொல்லியிருக்கிறேன், இதெல்லாம் உனக்கு இப்போது தேவையில்லை என்று.

(‘நான்’ என்று வந்துவிட்டது. இனி அப்படியே போகட்டும்.)

6.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவள் வேலைக்குக் கிளம்பி, கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“எத்தன நாளா?” என்றேன்.

எதைக் கேட்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. “ரெண்டு மாசம் இருக்கும். குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்கதான் தேவையில்லன்னு எழுதி வச்சிருந்தீங்களே.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “பக்கம் ஏன் வரலன்னு நம்ம பொண்ணுகிட்ட போனைக் காட்டினேன். அப்பாகிட்ட இப்ப சொல்லாத, பரீட்சை முடியட்டும்னேன். அவ பழிய ஏத்துக்கிட்டப்போ நான் வாயத் திறந்திருக்கணும். பயமா இருந்துச்சு.”

“டாக்டரப் பாத்தியா?”

“மொதல்ல என்னன்னு படிச்சுப் பாத்துட்டுப் போலாம்னு இருந்தேன். படிக்க முடியல. அப்படியே விட்டுட்டேன்.”

பதிவின் கடைசி வரியிலிருந்து எண்ணினால், அப்படியே விட்டது இருபத்தைந்து நாள். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. மாலையில் மகளிடம் போனைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் போனை வாங்கவில்லை. “மொதல்ல அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கப்பா,” என்றாள்.

7.

முடிவு ஒன்று: சாதாரணக் கொழுப்புக் கட்டிதான். மூவரும் சிரித்துக்கொண்டே படியிறங்குகிறார்கள். (என் ஆசை எழுதியது. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ‘ஒரு மாசம் முன்னாடியே வந்திருந்தா…’ (இதற்குமேல் கை போகவில்லை.)

முடிவு மூன்று: முடிவுத்தாள் உள்ள உறையைப் பிரிக்காமலே கதையை முடித்துவிடுவது. (நாசூக்கான உத்தி, பாராட்டுவார்கள். அந்த உறைக்குள் இருப்பது என் பெண்டாட்டி.)

இதை நான் ஆஸ்பத்திரி நடைபாதையில், முதுகு வலிக்கும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்து ஆறு நாள் ஆகிறது. பத்தரைக்கு வரச் சொன்னார்கள். இப்போது பதினொன்று ஐந்து. அவள் பக்கத்தில் இருக்கிறாள்.

“என்ன எழுதுறீங்க?”

“கதை.”

“நம்ம கதையா?”

“ம்.”

“அதுல எனக்கு என்ன ஆகுது?”

“இன்னும் எழுதல. மூணு விதமா யோசிச்சு வச்சிருக்கேன்.”

“இதுலயாவது எனக்கு முன்னாடி நீங்க முடிவு பண்ணாதீங்க,” என்றாள்.

எங்கள் எண்ணைக் கூப்பிடுகிறார்கள். அவள் எழுந்து என் கையைப் பிடித்து இழுக்கிறாள். முடிவை உங்களிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் சொன்னது உங்களுக்கும்தான்.