காபித்தூள் கரைத்த தண்ணீர்

நாலு நாளாக ஃப்ளஷ் டேங்கிலிருந்து டாய்லெட் கோப்பைக்குள் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது. தெருமுனையிலேயே ஒரு பிளம்பர் இருந்தார். அவள் அவரைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அம்மாவும் தன் பக்கம் ஸ்பீக்கரைப் போட்டாள்.

அப்பாவும் பிளம்பர்தான். அவர் அவளோடு பேசி நாலு வருஷம் ஆகிறது. வெளியூர் வேலைக்கு அவள் பெட்டி கட்டிய நாளில் வாய்ச்சண்டை முற்றியது. தோளைப் பிடித்துத் தடுக்க வந்தவரிடம், "ஊர் கக்கூசெல்லாம் தொடுற கை என் மேல பட வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். அன்றோடு சரி.

"அவ வீட்டு டாய்லெட் ஒழுகுதாம்," என்றாள் அம்மா.

அப்பாவின் செருமல் கேட்டது. "குழாய அடைச்சுட்டு ஃப்ளஷ் பண்ணச் சொல்லு. அப்புறம் டேங்க் மூடியத் திறக்கச் சொல்லு."

"திறடி."

"திறந்துட்டேம்மா."

"திறந்துட்டாளாம்."

"என் காது நல்லாத்தான் இருக்கு. அடியில ஒரு ரப்பர் மூடி இருக்கும். தடவிப் பாக்கச் சொல்லு."

டேங்கின் விளிம்பில் அவள் கை தயங்கி நின்றது. அவள் தயங்கியது போனின் அந்தப் பக்கம் அப்பாவுக்கு எப்படித் தெரிந்ததோ.

"அது நல்ல தண்ணிதான்னு சொல்லு. கை நாறாது."

அம்மா இதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை.

அவள் முழங்கை வரை கையை விட்டாள். ரப்பரின் ஓரம் முழுக்க உப்பு படிந்து சொரசொரவென்றிருந்தது. அவர் சொல்லச் சொல்ல, அம்மா வழியாக ஒவ்வொன்றாகக் கேட்டு, உப்பைச் சுரண்டி, மூடியைத் திரும்பப் பொருத்தி, டேங்கை நிரப்பினாள்.

"இப்ப காபித்தூளக் கரைச்சு டேங்க்ல ஊத்தச் சொல்லு. அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணக்கூடாது. கோப்பையில கலர் இறங்கலன்னா சரியாயிடுச்சு."

"அரை மணி நேரமா? நான் என்ன தபால்காரியா? துணி காயப்போடணும். நீங்களே வச்சுக்குங்க."

போனை மேசையில் வைக்கும் சத்தம். அம்மாவின் காலடி தேய்ந்து மறைந்தது.

அவர் போனைத் துண்டிக்கவில்லை. அவளும் துண்டிக்கவில்லை. காபித்தூளைக் கரைத்து டேங்கில் ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஸ்பேனர்களைத் துணியால் துடைத்து வரிசையாக அடுக்கும் சத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் செய்வது. சின்னதில் தொடங்கிப் பெரியதில் முடிப்பார். சத்தத்தை வைத்தே அவளால் எண்ண முடிந்தது. ரப்பர் கறுப்பு விரல்களில் ஒட்டியிருந்தது.

அரை மணி ஆயிற்று. கோப்பைத் தண்ணீர் தெளிவாகவே நின்றது. கொஞ்சமாவது கலங்கியிருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. சரியாகிவிட்டது என்று சொன்னால் போனை வைத்துவிடுவார். சொல்லாமலே உட்கார்ந்திருந்தாள்.

"நாப்பது நிமிஷம் ஆச்சு."

அம்மா இன்னும் வரவில்லை. அவளிடம்தான் கேட்கிறார்.

"இறங்கலப்பா." பிறகு, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா."

துடைக்கும் சத்தம் நின்றது.

"அந்த ரப்பர் ரொம்ப நாள் தாங்காது," என்றார் கடைசியில். "புதுசு போடணும். அடுத்த ஞாயித்துக்கிழமை அளவெடுத்துச் சொல்லு."

"அம்மாகிட்டயா?"

"அவளுக்கு அளவப் பத்தி என்ன தெரியும்?"

அப்போதும் போனை வைக்கவில்லை. ஸ்பேனர் துடைக்கும் சத்தம் மறுபடியும் தொடங்கியது.