நீக்கப்பட்ட புலி

பதினோரு தேர்தல்களை ஜெயித்துக் கொடுத்தவர் என்பதால் கட்சிக்காரர்கள் அவரைக் 'கணக்குப்புலி' என்பார்கள். தோற்ற ஒன்பதை யாரும் எண்ணுவதில்லை, அவரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு வயிற்றெரிச்சல் சகலைமேல்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவர்களுக்கு ஓட்டுரிமையை மீட்டுத் தருவது சகலையின் வேலை. சைக்கிள் கடை மாடியில் இரண்டு பெஞ்சு, கால் ஆடும் ஒரு மேஜை, அவ்வளவுதான் ஆபீஸ். ஆனாலும் மாமனார் வீட்டுக்கு வருகிறவர்கள் புலியைப் பார்த்ததும், "சின்ன மாப்பிள்ளை வரலையா?" என்றுதான் கேட்பார்கள்.

இந்த முறை கட்சி புலியையே வேட்பாளராக்கியது. இனி யாரைக் கேட்பார்கள், பார்ப்போம் என்றிருந்தார். மனுத்தாக்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் கட்சி வக்கீல் தலையைச் சொறிந்தார்.

"சார், பட்டியல்ல உங்க பேரே இல்ல. பேர் இல்லாம நிக்க முடியாது."

எதிரணி ஓட்டைக் குறைக்க அவரே தீட்டிய திட்டம் அது. வீட்டுக்கு மூன்று முறை போயும் ஆள் இல்லையென்றால், 'குடிபெயர்ந்தார்' என்று ஆட்சேபம் கொடுத்துப் பெயரை நீக்க வேண்டும். தெரிந்தவர்களுக்கு இரக்கம் வந்துவிடும் என்று வெளியூர் ஆட்களை அமர்த்தியிருந்தார்.

"நம்ம வீட்டுக்கும் வந்தாங்க" என்றாள் மனைவி. "எப்ப வருவார்னு கேட்டாங்க. எனக்கே தெரியாதுன்னேன். பொய்யா சொல்ல முடியும்?"

வேறு வழியில்லாமல் சைக்கிள் கடை மாடியேறினார். பெஞ்சு நிறைய அவர் நீக்கிய ஆட்கள்.

"வாங்கண்ணே" என்றான் சகலை. "தனியா மனு போட்டா மூணு வாரம். ஆட்சேபம் எல்லாமே பொய்னு, கொடுக்கச் சொன்னவரே கையெழுத்துப் போட்டா, நாளைக்கே கூண்டோட ரத்து. உங்க பேரும் வந்துரும்."

"இவங்க பேரும் வந்துருமே!"

"நாலாயிரம் பேர்ணே."

நாலாயிரம் ஓட்டும் தனக்கு எதிரானவை. அவர் கணக்குத் தப்பாது. கையெழுத்துப் போட்டால் தோல்வி, போடாவிட்டால் நிற்கவே முடியாது. சகலையோ பேனாவை நீட்டியபடி, இவருக்கும் ஒரு நல்லது செய்கிற முகத்தோடு நின்றான். அந்த முகத்தைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாளாவது இந்தப் பெருமை தனக்கு வரட்டும் என்று கையெழுத்தை இழுத்துப் போட்டார்.

"எல்லார் பேரும் வந்துருச்சு!" என்று பெஞ்சைப் பார்த்து அவரே அறிவித்தார்.

ஒரு பாட்டி சகலையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு புலியைப் பார்த்து, "பாவம், உன் பேரையும் எடுத்துட்டானுங்களாப்பா? தம்பி இருக்கு, கவலைப்படாத" என்றாள்.