பட்டறைக்கு நடுவே ஒரு சுவர்

எங்கள் கட்டுமான நிறுவனத்தை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். மாமா கொத்தனார், அப்பா தச்சர். மாமாவின் தங்கையைத்தான் அப்பா கட்டியிருந்தார். சுற்றுவட்டாரத்தில் வீடோ பள்ளிக்கூடமோ, எது கட்டினாலும் சுவர் மாமாவுடையது, கதவு ஜன்னல் அப்பாவுடையது. கதவு சரியாக மூடாவிட்டால் மட்டும் குற்றம் யாருடையது என்று கடைசிவரை தெரியாது.

"உங்க சுவர் சாஞ்சிருக்கு, மச்சான்."

"சுவர் நேராத்தான் நிக்குது. உங்க கண்ணுதான் சாஞ்சிருக்கு, மாப்ள."

ஒரு நூலக வேலையில் இந்தப் பேச்சு முற்றி, கட்டச் சொன்னவர்கள் கண்ணெதிரிலேயே, சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டுக்கு இழுபறி நடந்தது. அதோடு பங்கு பிரிந்தது. மாமா பட்டறையின் குறுக்கே செங்கல் சுவர் எழுப்பினார். கோபத்துக்கு நல்ல வேகம் உண்டு போலிருக்கிறது, மளமளவென்று எழும்பிவிட்டது. அந்தப் பக்கம் மணலும் சிமென்டும், இந்தப் பக்கம் மரமும் இழைப்புளியும்.

அம்மாவை மட்டும் பிரிக்க முடியவில்லை. இருவருக்கும் ஆர்டர் பிடிப்பதும் வேலைக்கு ஆள் அனுப்புவதும் அவள்தான். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெருவைச் சுற்றிப் போக வேண்டும். ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து வந்தவள் இருவரையும் கூப்பிட்டாள்.

"நடுவுல எனக்கு ஒரு கதவு வேணும். இல்லேன்னா நானும் பிரிஞ்சுக்கிறேன். ஆர்டர் எல்லாம் என் பங்கு."

மாமா சுவரை உடைத்து வழி விட்டார். அப்பா அளவெடுத்தார். வழி மேலே ஒடுங்கி, கீழே ஒரு விரல்கடை அகன்றிருந்தது. இதோ ஆரம்பிக்கப் போகிறது என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்பா அளவைக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டொரு நாளில் கதவு வந்தது. சத்தமே இல்லாமல் மூடியது. மாமா ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார்.

"கதவு கோணலா இருக்கே, மாப்ள."

"ஆமா மச்சான். வேணும்னுதான் கோணலா செஞ்சேன்."

மாமா வழியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாகச் சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார்.

அம்மா அசரவில்லை. "சேர்ந்து செய்யறதா இருந்தா, இனிமே மூணு பங்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஒரே நேரத்தில் தலையாட்டியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.