தெய்வாத்தாள் பிடித்த மீன்

புதுத் தூண்டில் கம்பின் நான்கு துண்டுகளில் மூன்றை மாட்டிவிட்டாள். தென்னங்குச்சி போலிருந்த நுனித் துண்டு மட்டும் உள்ளே போகாமல் அடம்பிடித்தது. மருந்து ஏற்றி ஏற்றித் தெய்வாத்தாளின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. கணவர் மயில்சாமி கையை நீட்டினார். புறங்கையால் தட்டிவிட்டாள்.

"நான் வாங்குனது. நானே மாட்டிக்கறனுங்க."

அவர் ஓடைக்கரைப் பாறையில் போய் உட்கார்ந்தார். ஊட்டிப் பக்கம் எமரால்டு ஊருக்கு மேலே, ஆள் அரவமற்ற இடம். பத்து மணி வெயிலிலும் பாறை சில்லென்றிருந்தது.

முப்பது வயதில், வங்கி வேலையில் ஊட்டிக்கு மாற்றலாகி வந்தபோது அவளைப் பிடித்த பைத்தியம் இது. புழுவும் மாவும் கிடையாது. கொக்கியில் இறகைக் கட்டி, ஈ மாதிரி செய்து, தண்ணீர்மேல் வீசி ட்ரௌட் மீனை ஏமாற்ற வேண்டும். பொள்ளாச்சிக்கே திரும்பி வந்த பிறகும் வருடத்துக்கு இரண்டு தடவை மலையேறிவிடுவாள். பொம்பளை தூண்டில் போடுவதாவது என்று அவள் அண்ணன் தம்பிதுரை முகத்துக்கு நேராகவே சொல்வார். மயில்சாமிக்கும் கூச்சம்தான். மேலே ரோட்டில் காரை நிறுத்திப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

கணையத்துக் கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே, போனில் இந்தத் தூண்டில் கம்புக்கு, ஃப்ளை ராடுக்கு, ஆர்டர் போட்டாள். வந்து சேர ஒன்பது நாளாயிற்று. இனி மருந்து ஏற்றிப் பெரிய பலன் இருக்காது என்று டாக்டர் சொல்லியும், தம்பிதுரை கோயமுத்தூரில் அடுத்த சுற்றுக்குப் படுக்கை ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவள் ராடையும் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வந்து கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"ஆஸ்பத்திரினா நான் ஏறமாட்டனுங்க."

கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டிய சிக்னலில் மயில்சாமி திரும்பவில்லை. நேராக மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்தார். மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும் வரை தம்பிதுரையின் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

நுனியும் மாட்டியாயிற்று. எழுந்து நிற்க மட்டும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். முதல் வீச்சில் நூல் பின்னால் இருந்த புதரில் சிக்கியது. அடுத்தது காலடியிலேயே சுருண்டு விழுந்தது. பழைய ராடு போல நிதானமாக வளையாமல் இது வெடுக்கென்று திரும்புகிறது என்று அதைத் திட்டினாள். இனி உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தார். உட்காரவில்லை. பத்துப் பன்னிரண்டு வீச்சுக்குப் பிறகு நூல் அவள் தலைக்குப் பின்னால் நீளமாக விரிந்து, முன்னால் போய், எதிர்க்கரை நிழலில் சத்தமில்லாமல் இறங்கியது. தண்ணீர் கொப்பளித்தது. ராடு வில்லாக வளைந்தது.

மயில்சாமி செருப்போடும் பேன்ட்டோடும் ஓடையில் இறங்கினார். இத்தனை வருடத்தில் அவர் அதில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவள் கொண்டுவந்திருந்த கைவலையை அவர் பிடிக்க, கையை நனைத்துக்கொண்டு அவள் கொக்கியைக் கழற்றினாள். மீனின் விலாவில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு ஓடியது. அதற்கு மூச்சுத் தெளியும் வரை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்தாள். வால் அசைந்ததும் விட்டுவிட்டாள்.

பாறைக்கு வந்து அவர் தோளில் சாய்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. கிளம்பலாமா என்று கேட்டார்.

"சித்த இருங்க. இன்னொண்ணு புடிச்சுப்போட்டுப் போலாம்."

தோளில் பாரம் கூடியபோது, தூங்கிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தார்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் காகிதம் எழுதிக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் பொள்ளாச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். வாசலில் பந்தல் போட்டு, சொந்தபந்தம் கூடியிருந்தது. பேன்ட்டும் முழுக்கைச் சட்டையுமாகக் கிடந்தவளைப் போர்வையால் மூடச் சொல்லி யாரோ கிசுகிசுத்தார்கள். இருக்கட்டும் என்றார் மயில்சாமி.

தம்பிதுரை எல்லோர் முன்னாலும் வந்து நின்றார்.

"பெட்டு சொல்லி வெச்சிருந்தன் மாப்ள. நீங்க மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிக் கொன்னுபோட்டீங்க."

முப்பத்திரண்டு வருடமாக மச்சானை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவர் மயில்சாமி. இப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க அவளைப் படுக்க வெக்கப் பாத்தீங்க மச்சான். அவ நின்னா. நாந்தான் கூட்டிக்கிட்டுப் போனனுங்க. நாளைக்குக் கேட்டாலும் கூட்டிக்கிட்டுப் போவன்."

அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவள் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டார். குளிப்பாட்டுவதற்குப் பெண்கள் உள்ளே தண்ணீர் நிரப்பும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துத் தம்பிதுரை இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். தங்கையின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டார்.

"மீனு ஏதாச்சும் மாட்டுச்சுங்களா?"

மயில்சாமி இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டினார். ஒரு சாண் இருக்கும். யோசித்து, இன்னும் கொஞ்சம் அகட்டினார்.

தம்பிதுரை அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பெண்கள் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். மயில்சாமியின் கைகள் அப்படியே நின்றன.