கடைசி வரிசைப் புதினா

இப்போதெல்லாம் யாரும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை, போனில்தான் பார்க்கிறார்கள். செடிக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று அது சொல்ல வேண்டுமாம். பக்கத்திலேயே நிற்கிற செடி தலையைத் தொங்கப் போட்டுத் தாகம் என்கிறது. அதைக் கேட்க ஆளில்லை.

என் மகளும் மாப்பிள்ளையும் இந்த ரகம்தான். வீட்டுக்குப் பின்னால் புதினா போட்டார்கள். சந்தைக்கு இல்லை, டீத்தூளில் கலக்கிற ஒரு கம்பெனிக்கு. முதல் வெட்டுக்கு முன்னால் கம்பெனிக்காரன் வந்து பார்ப்பான். பிடித்தால் வருஷம் முழுக்க எடுப்பான், இவர்களும் இங்கேயே இருப்பார்கள். இல்லாவிட்டால் மாப்பிள்ளையின் அண்ணன் ஊருக்குக் கிடங்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் இந்த வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான். அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

யூரியா கூடாது என்றார்கள். நெருக்கி நட்டால் காற்று போகாது என்றார்கள். பூ எட்டிப் பார்க்கும் முன்னே வெட்ட வேண்டும் என்றார்கள். சரி, தொலையட்டும் என்று விட்டேன். வெட்டு நெருங்கும்போது சொட்டுநீர்க் குழாயின் வால்வையும் மூடிவிட்டார்கள்.

"என்ன மாப்பிள்ளை, செடியைப் பட்டினி போடுறீங்க?"

"கொஞ்சம் காஞ்சாத்தான் மாமா இலையில வாசம் ஏறும். சாகாது, பயப்படாதீங்க."

"நான் ஏன் பயப்படணும்? என் செடியா?"

காலமெல்லாம் சந்தையில் கீரை விற்றவன் நான். கீரைக்கட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் அடுக்குவேன். வாங்குகிறவன் தூக்கிப் பார்ப்பான், கனத்தால் முகம் மலரும். ஒருத்தனும் கீரையில் மூக்கை வைத்ததில்லை.

இலை உலர்த்தும் தட்டுகள் வாங்க இருவரும் மூன்று நாள் வெளியூர் போனார்கள். முதல் நாள் மத்தியான வெயிலிலேயே பாத்தி முழுக்கச் செடிகள் துவண்டு கிடந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. வால்வைத் திறந்தேன். அவர்கள் வரும்வரை மூடவில்லை.

வரும்போதே கம்பெனிக்காரனின் காரில் வந்தார்கள். தோட்டம் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது. நானும்தான். அவன் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தான்.

"வளத்தி நல்லா இருக்கு." துக்க வீட்டில் பேசுகிற குரல். "வாசம்தான் இல்ல. புல்லு மாதிரி இருக்கு."

மாப்பிள்ளை குனிந்து மண்ணில் விரலை விட்டார். ஈர விரலோடு என்னைப் பார்த்தார். மகள் பார்க்கவில்லை.

கம்பெனிக்காரன் கடைசி வரிசைவரை போனான். அங்கே குழாய் சேறு அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் ஏறவில்லை. குட்டைச் செடி, சின்ன இலை. அதைக் கசக்கி முகர்ந்தவன் மறுபடியும் முகர்ந்தான்.

"இதுதான் சரக்கு. எல்லாம் இப்படி இருந்தா இப்பவே பேசி முடிச்சிருப்பேன்."

"அடுத்த வெட்டுல சரி பண்ணிடுறோம் சார்."

"அதுவரைக்கும் கம்பெனி காத்திருக்காது தம்பி. வேற ஆளுங்க இருக்காங்க."

கார் போனதும் மகள் கேட்டாள்.

"அப்பா, வால்வைத் திறந்தீங்களா?"

"செடி செத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க ஊர் சுத்தப் போயிட்டீங்க."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேப்பா."

"தண்ணி ஊத்த யாரைக் கேக்கணும்? உன்னை வளத்தப்போ யாரைக் கேட்டேன்?"

"விடு," என்றார் மாப்பிள்ளை. "மாமா மேல தப்பில்ல. இவரை நம்பி விட்டுட்டுப் போனது நம்ம தப்பு."

அண்ணனுக்குப் போன் போட அவர் உள்ளே போனார். மகள் நடுப் பாத்தியில் ஒரு இலையும் கடைசி வரிசையில் ஒரு இலையும் கிள்ளினாள். கசக்கி, ஒவ்வொன்றாக என் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாருங்கப்பா."

பார்த்தேன். பொடி போட்டுப் போட்டு மரத்துப்போன மூக்கு இது.

"ரெண்டும் புதினாதான்."

"வித்தியாசமே தெரியலையா?"

"தெரியுது. ஒண்ணு வயிறு நிறையக் குடிச்சது. இன்னொண்ணு பட்டினி கிடந்தது."

அவள் இலைகளை நீட்டியபடியே நின்றாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். வீட்டுக்குள்ளே பரணிலிருந்து பெட்டியை இழுத்து இறக்கும் சத்தம் கேட்டது. இலைகளை அவள் கையிலேயே விட்டுவிட்டுத் தெருப்பக்கம் நடந்தேன். தாகத்தில் துவண்டதற்குத் தண்ணீர் விட்டால் கெட்டுப்போகுமாம். எவன் வந்து சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை.