பன்னிரண்டு வரை எண்ணியவன்

1.

இந்தக் கதை ஒரு பாட்டிலில் பிறந்தது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்துக் கடலோடு பேசுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இடி கேட்டதும் ஆன்டெனா கேபிளைப் பிடுங்கி, முனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் போட்டுவிடுவார்கள். கண்ணாடியில் மின்சாரம் பாயாதாம்! என் கதாநாயகியும் அப்படித்தான் போட்டாள். மூன்று தெரு தள்ளி விழுந்த மின்னலுக்கே பாட்டில் வெடித்து, சில்லு கணவனின் கன்னத்தைக் கிழித்தது.

(மின்னல்கூட வேண்டாம். வறண்ட காற்று உரசினாலே நீளக் கம்பியில் மின்சுமை சேர்ந்துவிடும். அதற்குத் தரைக்குப் போக வழி வேண்டும், பாட்டில் அல்ல.)

2.

தொடக்கம் ஒன்று: "வானம் கறுத்திருந்தது." எல்லாக் கதையிலும்தான் கறுக்கிறது. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: அவள் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியதால் தூரத்தில் இருப்பதை... வேண்டாம், ரொம்பத்தான் சாமர்த்தியம்.

நேராகவே சொல்கிறேன். அவளுடைய தம்பிக்கு மீன்பிடிப் படகில் வேலை. தினமும் நாலு மணிக்கு அக்காவும் தம்பியும் வானொலியில் பேசுவார்கள். பாட்டில் வெடித்த மறுவாரம் கணவன் செம்புக் கம்பியால் எர்த் போட்டான். மின்சுமை கொஞ்சம் கொஞ்சமாக வடிய ஒரு ரெசிஸ்டரும், சன்னலோரம் பெரிய கைப்பிடி சுவிட்சும் வைத்தான். கைப்பிடி மேலே இருந்தால் ஆன்டெனா பெட்டியோடு சேரும். கீழே இழுத்தால் தரையோடு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ண முடியாவிட்டால் இழுத்துவிட வேண்டும். அது வீட்டுச் சட்டம்.

3.

"அக்கா, இன்ஜின் போச்சு. தண்ணி உள்ள வருது. நாங்க இருக்கற எடத்தச் சொல்றேன், எழுதிக்க."

சன்னல் பளிச்சென்றது. கணவன் எண்ணினான். பன்னிரண்டில் இடித்தது.

"போதும், எந்திரி!"

"எடத்துக்கு ரெண்டு நம்பருங்க, அட்சரேகை, தீர்க்கரேகை. ஒண்ணு எழுதிட்டேன். இன்னொண்ணு வரட்டும். அங்க உயிர் போகுது!"

"இங்கயும் போகும்டி!"

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவனுடைய கை கைப்பிடியைப்

[இந்த வாக்கியத்தை நாலு முறை தொடங்கி நாலு முறையும் விட்டுவிட்டேன்.]

4.

முடிவு அ: அவன் தொடவே இல்லை. இரண்டாவது எண் வருவதற்குள் மின்னல் குறுக்கிட்டுச் சத்தத்தை அறுத்துவிட்டது. சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரிந்த முடிவு இதுதான். அவளே பெருமையாகச் சொல்வாள்: "எங்க வீட்டுக்காரரு தன் உயிரக்கூடப் பாக்கல. அன்னிக்கு மட்டும் சுவிட்ச இழுத்திருந்தா ஜென்மத்துக்கும் மன்னிச்சிருக்க மாட்டேன்."

முடிவு ஆ: இழுத்தான். இடி நகர்ந்ததும் ஓசைப்படாமல் மறுபடி மேலே தள்ளினான். அதற்குள் எதிர்முனையில் வெறும் இரைச்சல். முதுகைக் காட்டி இருந்தவள் மின்னல்தான் அறுத்தது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டிலும் தம்பி பிழைத்துக்கொண்டான். மூன்று நாள் மிதந்த பிறகு இன்னொரு படகு கண்டெடுத்தது. கூட இருந்த படகுச் சமையல்காரர் இரண்டாம் நாளே இறந்துபோயிருந்தார்.

5.

நடந்தது ஆ. அந்தக் கணவன் நான்தான்.

இழுத்தது சரி என்று எந்த மெக்கானிக்கும் சொல்வான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவள் என்னைப் புகழும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அதுதான் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சமையல்காரருக்கும் ஓர் அக்கா இருந்திருக்கலாம்.

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அவள். அவள் படிக்காத எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. இப்போதும் அடுத்த அறையிலிருந்து கேட்கிறாள்: "முடிஞ்சுதா? கொண்டாங்க."

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அவளும் படித்துவிட்டாள். அவள் என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை.